மூன்றாவது மிதி

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னே கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் மூன்று தரம் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயங்களில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சின்ன வயதிலேயே கொழுந்து சுமந்த இடுப்புகளை நிறைய மிதித்திருக்கிறேன். விளையாட்டு டீச்சரான பிறகும் அதை விடவில்லை. ஐஸ் வை, அசைக்காதே என்று பயிற்சியில் படித்ததெல்லாம் பரீட்சையோடு போயிற்று.

பண்டாரவளை மைதானத்தில் கபடி இறுதிப் போட்டி. எங்கள் கேப்டனுக்குப் பதின்மூன்று வயது. பாடிப் போனவளின் கணுக்காலை ஒருத்தி கவ்விப் பிடிக்க, மற்றவர்கள் மொத்தமாய் மேலே விழுந்தார்கள். எழுந்தவளால் கால் ஊன்ற முடியவில்லை. நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் நின்றோம். இடைவேளை ஐந்தே நிமிடம்.

“மிதிங்க டீச்சர், நான் எறங்குறேன்” என்றாள். அவள் மேல் பழி போடமாட்டேன். எனக்கும் அந்தக் கப் வேண்டியிருந்தது, வெறியாய் வேண்டியிருந்தது.

சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டு பிள்ளைகள் அவள் தோளை அமுக்கிப் பிடித்தார்கள். முதல் மிதிக்கு உதட்டைக் கடித்தாள், ரத்தம் வந்தது. இரண்டாவதுக்கு, “போதும் டீச்சர்” என்று கத்தினாள். “மூணு மிதிச்சாத்தான் போகும், சும்மா இரு!” என்று நான் அதைவிடப் பெரிதாய்க் கத்தி, உடம்புப் பாரம் முழுவதையும் குதிகாலில் இறக்கினேன். உள்ளே ஏதோ நழுவி முறிந்தது. குதிகாலிலேயே எனக்கு அது தெரிந்தது. அவள் வாந்தியெடுத்து மயங்கினாள். பாதம் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, மலையிலிருந்து கொழுந்துக் கறைக் கையோடு ஓடிவந்த தாயின் மேல் பாய்ந்தார். “ஆர் இதில கை வைச்சது? வெடிச்சிருந்த எலும்பு இப்ப விலகிப் போச்சு. எலும்பு வளருற இடம் இது. இந்தக் கால் கட்டையாப் போனா என்ன செய்வியள்?”

“நான்தாங்க டொக்டர். மிதிச்சேன்.”

அவர் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். தாயோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர் நல்லதுக்குத்தாங்க செஞ்சாங்க. மிதிக்காட்டி இன்னும் மோசமாயிருக்கும்.” செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள், ஆபரேஷன் முடிந்து கிடந்தவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கட்டிலருகே போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். “வேணாம் டீச்சர், வேணாம்!” என்று வார்டே திரும்பிப் பார்க்க அலறி, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.