எந்தப் புழு, எந்தத் தெரு

மக்காச்சோளக் குருத்தில் எடுத்த புழுவை டப்பாவில் போட்டுக்கொண்டு, இன்று காலை அருப்புக்கோட்டையில் ஒரு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன்.

போன வாரம் அதே கடையில் அப்பா வாங்கி அடித்த மருந்துக்கு ஒரு புழுகூடச் சாகவில்லை. இன்னும் நாலு நாள் விட்டால் கதிரே மிஞ்சாது.

கடைக்காரர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"தண்டுப்புழுதான். அதே மருந்த இன்னொருக்க அடி."

"அண்ணாச்சி, தலையப் பாருங்க. தலைகீழா இங்கிலீஷ் ஒய் எழுத்து மாதிரி வெள்ளக் கோடு. வால் பக்கம் சதுரமா நாலு புள்ளி. இது படைப்புழு. தண்டுப்புழுவுக்கு இப்படி இருக்காது."

"எல்லாம் புழுதான்ப்பா. பெரிய ஆபீசரு கணக்கா பேசுற. எந்த ஊரு?"

"பரளச்சி."

"பரளச்சியில எந்தத் தெரு?"

சொன்னேன்.

விரல் படாமல், பேனாவால் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ஒங்காளுக நாலெழுத்துப் படிச்சாலே இப்படித்தான்."

டப்பாவைத் திறந்து பார்த்த வேறொரு கடையில் மருந்து வாங்கிவந்துவிட்டேன். சாயங்காலம் அடிக்கிறோம்.

மனிதனைப் பிரிக்க அவருக்கு ஒரு தெருப் பெயர் போதும். புழுவைப் பிரிக்க நாலு புள்ளி போதவில்லை.

உங்கள் ஊர்க் கடையில் முதலில் டப்பாவைத் திறக்கிறார்களா, தெருவைக் கேட்கிறார்களா?