முள்முருங்கைக்கு மொட்டை

போன வாரம் என் மிளகுக் கொடிகள் என் மானத்தை வாங்கிவிட்டன. கூடலூர் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் இருப்பது உங்களுக்குத் தெரியும் — எத்தனை வாரமாகப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்!

மிளகுக்கு நாங்கள் கம்பம் நடுவதில்லை. உயிருள்ள மரத்தில்தான் ஏற்றிவிடுவோம். என் தோட்டத்தில் முள்முருங்கை. ஒவ்வொன்றும் குடை விரித்த மாதிரி நிற்கும். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

தோட்ட வேலைக்கு மாரிமுத்து இருக்கிறார். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். போன வருஷம் கப்பலேறி வந்து, முகாமில் கிடந்து, மனைவியோடு இங்கே வந்து சேர்ந்தார். என் தோட்டத்து அறைதான் அவர்களுக்கு வீடு.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன்... பாதித் தோட்டம் மொட்டை! மரத்தின் மேல் மாரிமுத்து, கையில் கத்தி.

"யாரைக் கேட்டு வெட்டினே?"

"மழைக்கு முன்ன கெளையக் கழிச்சு விடணுங்கய்யா. சிலோன்ல நெழல் மரத்தை அப்படித்தான் செய்வோம்."

"இது தேயிலை இல்லை, மிளகு! இறங்கு கீழே. வேற வேலை பார்த்துக்கோ. ஆடி பொறக்கறதுக்குள்ள அறையைக் காலி பண்ணிடு."

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். என் மனைவிதான் பொரிந்து தள்ளினாள். "ஏனுங்க, கொட்டற மழையில அவங்க எங்கீங்க போவாங்க?"

நான் அசையவில்லை. தெரியாத விஷயத்தில்தான் நமக்கு எவ்வளவு உறுதி வருகிறது!

மழை பிடித்தது. போன வாரம் போய்ப் பார்த்தேன். வெட்டிய மரங்களில் வெளிச்சம் விழுந்து, கொடி முழுக்கப் பச்சைத் திரி — மிளகு பிடிக்கிற சரம் — தொங்குகிறது. நான் தடுத்துக் 'காப்பாற்றிய' பாதியில்? ஒரே இருட்டு. ஈரத்தில் இலை கறுத்து உதிர்ந்து கிடக்கிறது.

நேரே அறைக்குப் போனேன். மாரிமுத்துவின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வெட்கமாகிவிட்டது. கடல் தாண்டி வந்தவர்களை ஒரே வருஷத்தில் மறுபடி மூட்டை கட்ட வைத்திருக்கிறேனே!

"மாரிமுத்து, தப்பு என் மேலதான். நீங்க ரெண்டு பேரும் எங்கேயும் போக வேண்டாம். அடுத்த வருஷம் எல்லா மரத்தையும் நீயே வெட்டு."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் சாக்கை அவிழ்க்க ஆரம்பித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"வெட்டிரலாங்கய்யா... மே மாசம் மட்டும் நீங்க எங்கயாச்சும் ஊருக்குப் போயிட்டு வாங்க!"