வட்டிக்குத் தூக்கிய கை

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

அறுபதுகளில் நான் போர்ட் பிளேரில் இருந்தேன். சட்டசபை இல்லாத எங்கள் தீவில், மாணவர் கடன் விதிகளை முடிவு செய்ய ஒரு சபை இருந்தது. தமிழர்கள் சார்பில் என்னை நியமித்திருந்தார்கள். மெயின்லேண்டில் படிக்கப் போகும் பிள்ளைகளின் கடனுக்கு வட்டியை உயர்த்தலாமா என்று ஒருநாள் விவாதம். அதற்கு முதல் நாளே கராச்சர்மா கிராமத்துத் தச்சர் முருகையா என் வீட்டுக்கு வந்திருந்தார்.

"வட்டி ஏறிச்சுன்னா எம் பொண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்ப முடியாதுங்க. ஒரு வார்த்தை பேசுங்கய்யா."

பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

விவாதம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்திலிருந்த மெம்பரான கான்ட்ராக்டர், சபைத் தலைவரிடம், "ஜல்தி முடிங்க சாப், கப்பல் விஷயம் பாக்கி இருக்கு" என்றார். மெட்ராஸ் கப்பலில் மெம்பர்களுக்குக் கேபின் ஒதுக்குவதுதான் அந்த விஷயம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, கப்பல்ல கீழ்த்தட்டு பங்க் படுக்கைல கெடந்து நாலு நாள் வாந்தி எடுத்தது மறந்துபோச்சா? கையைத் தூக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து பேச எனக்குக் கூச்சம். கேபின் ஆசையும் இருந்தது. கையைத் தூக்கினேன். வட்டி ஏறியது.

அதன் பிறகு எந்தக் கேபின் யாருக்கு என்று ஒரு மணி நேரம் சண்டை. ஜன்னல் உள்ளதுதான் வேண்டும் என்று நானும் சத்தமாகக் கேட்டேன். முருகையா மகளுக்காகத் திறக்காத வாய் ஜன்னலுக்கு எப்படித் திறந்தது என்று நினைத்தால், இன்றும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை முருகையா பஸ்ஸில் வந்து, சபை ஆபீஸில் கொடுத்திருந்த மகளின் கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.