சனிக்கிழமைத் துளசி

சனிக்கிழமை தவறாமல் அம்மா கே.கே. நகரிலிருந்து டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போவாள். "என் புரமோஷனுக்கும் வேண்டிக்கம்மா" என்பேன். அவள் கொண்டுவரும் துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அம்மா இறந்தபின், அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கத்து ஆற்றங்கரையில் இருக்கும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். அவள் படத்தைப் பார்த்ததும் அங்கிருந்த பூக்காரம்மா அழுதுவிட்டார்.

"சனிக்கிழமையானா இந்தப் படியிலதாங்க சும்மா உக்காந்திருப்பாங்க. கிளம்புறப்ப எங்கிட்ட துளசி வாங்குவாங்க."

"கோயிலுக்கு?"

"போனதே இல்லீங்களே!"

என் மகள் தலைகுனிந்தாள். "பாட்டி என்னையும் கூட்டிட்டு வந்திருக்காங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

முதலில் கோபம் வந்தது. அப்படியென்றால் எனக்காக யார் வேண்டிக்கொண்டது? அப்புறம் ஒன்றும் புரியாமல் அதே படியில் உட்கார்ந்தேன்.

வீட்டில் அம்மா ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார விட்டதும் இல்லை.