அடைப்பு எடுத்த பிறகு

அவர் பைப்பு வேலைக்காரர். தெருவுக்கே ‘அடைப்பு டாக்டர்’. எவர் வீட்டில் சாக்கடை அடைத்தாலும் கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு படையெடுப்பதுபோல் போவார். அப்பேர்ப்பட்டவருக்கே அடைத்துக்கொண்டது. பல மாதமாக முக்கி முக்கிச் சிறுநீர் போய்க்கொண்டிருந்தவர் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. ஒருநாள் சொட்டுக்கூட வராமல், அடிவயிறு பானையாக வீங்கி, அவள் தோளில் தொங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டார்கள். குழாயில் மாட்டிய பை நிறைந்தது, அவருடைய வாய்த்துடுக்கும் திரும்பி வந்துவிட்டது.

டாக்டரம்மா சொன்னார்: “பிராஸ்டேட் வீங்கி வழிய அடைச்சிருக்கு. அதுக்கு மாத்திரை தர்றேன். ஆனா தேங்கினது மேல ஏறி ரெண்டு கிட்னியையும் அழுத்தியிருக்கு. குழாய எடுத்தப்புறமும் அப்பப்ப ரத்தம் பாக்கணும். வலி மாத்திரைய தொடவே கூடாது.”

“அடைப்பு எடுத்தாச்சு, தண்ணி ஓடுது. வேல முடிஞ்சுதும்மா.”

படித்தவளுக்கே பாடம் எடுக்கிறது இந்த மேதாவி!

குழாயை எடுத்தபின் தாராளமாகத்தான் போயிற்று. கழிவறையிலிருந்து வெற்றிவீரன்போல வருவார். “கொட்டுது பாரு. கிட்னி இரும்பாட்டம் இருக்கு!” ரத்தம் பார்க்கக் கூப்பிட்டால் காது செவிடாகிவிடும்.

ஆறேழு மாதம் இந்தக் கூத்து. பிறகு அவருடைய வீங்கிய பாதத்தில் செருப்புவார் பள்ளமாகப் பதிவதை மனைவி பார்த்தாள். ஒழுகும் குழாயில் சுற்ற டேப் எடுக்க அவருடைய வேலைப் பையைத் திறந்தால் அடியில் காலியான முதுகுவலி மாத்திரை அட்டைகள்.

அவள் கத்தவில்லை. அடுக்களைச் சுவரைக் காட்டினாள்.

“மாடிக் குழாய்ல அடைப்ப எடுத்தது நீங்கதானே? செவுரு ஏன் இன்னும் ஊறி உதிருது?”

“தேங்கின தண்ணி உள்ள எறங்கிடுச்சு. அது வேற விஷயம்.”

“வேறயா? ஊருக்கெல்லாம் தெரிஞ்ச தொழில் ஒடம்புக்குள்ள மட்டும் மறந்துபோச்சோ? கெளம்புங்க.”

பானையைத் தட்டினால்தான் ஓட்டை தெரியும். ரத்தம் பார்த்தார்கள். கிட்னி பாதிக்கும் கீழேதான் வேலை செய்தது.

“கெட்டதுல பாதி அடைப்பால, மீதி வலி மாத்திரையால,” என்றார் டாக்டரம்மா. “போனது வராது. இருக்கறத காப்பாத்தலாம்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் பையைத் துழாவி, மிச்சமிருந்த மாத்திரைகளைக் குப்பையில் வீசினாள்.

“முதுகு வலிச்சா என்னடி பண்றது?” வீராதிவீரருக்கு இப்போது எலிக்குஞ்சு குரல்.

“ஒத்தடம் குடுக்கறேன். கிட்னி போனா எங்க வச்சு ஒத்தடம் குடுக்கறது?”

வெளியே யாரோ, “அடைப்பு டாக்டரே!” என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

“அடுத்து ரத்தம் பாக்கறது எப்பன்னு சொன்னாங்க?” என்று கேட்டார்.