லொறியின் நெற்றிச் சந்தனம்

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? அடுத்த வீட்டு ஆள் பொலிசில் மாட்டிய கதை என்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாகச் சொல்ல வராது. இடையில் நான் எங்காவது போய்விட்டால் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது உங்கள் பொறுப்பு.

போன வாரம் நுவரெலியாவில் பேரன் ஆட்டோவை மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்திவிட்டான். நான் பின்சீட்டில் இருந்தேன். பொலிஸ்காரர் வந்தார், லைசன்ஸை வாங்கினார். நான் மடியில் காசைத் தேடினேன். இவனோ போனை எடுத்து இரண்டு தடவை தட்டினான். 'டிங்' என்று ஒரு சத்தம். தண்டப்பணம் கட்டியாகிவிட்டதாம். லைசன்ஸ் போன கையோடு திரும்பி வந்துவிட்டது.

"அவ்வளவுதானாடா?"

"அவ்வளவுதான் அம்மாயி. வேற என்ன, அழணுமா?"

அழ வேண்டாம். ஆனால் அந்த 'டிங்' கேட்டபோது எனக்கு எங்கிருந்தோ டீசல் நாற்றமும் சந்தன வாசமும் சேர்ந்து அடித்தது. இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சாமி லொறி ஏறிப் போன மாதிரி இருக்கும்.

நான் இளசாக இருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். புல்லுக்கு அடிக்கிற மருந்துதான். ஆனால் அது புல்லையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் இருமினால் வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரமே அதிரும். கொழுந்து ஏற்றுகிற லொறியின் பழைய டிரைவர் விலகிப்போன நேரம், லைசன்ஸ் இருக்கிறதே என்று தோட்டத்தை நடத்துகிற துரை இவரை லொறியில் ஏற்றிப் பார்த்தார். தற்காலிகமாகத்தான். ஆனாலும் இருமல் பாதியாகக் குறைந்தது. கண்ணாடி முன்னால் நின்று தலை வேறு சீவ ஆரம்பித்தார். எனக்கு இருமலே தேவலாம் போலிருந்தது. சரி, அது வேறு கதை.

அந்த வருஷம் ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. தோட்டத்தில் சக்கரம் உள்ளது எதுவும் அன்றைக்குச் சும்மா நிற்காது. லொறிக்கு வாழைக்கன்று, மாவிலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆனது. கடைசியில் சந்தனம். லொறிக்கு நெற்றி எது? நம்பர் பிளேட்தானே! பூசாரிக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. முன்னும் பின்னும் அப்பி, நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமமும் வைத்துவிட்டார். பிறகு வழக்கப்படி டவுன் பிள்ளையார் கோயிலுக்கு லொறியை ஓட்டிப் போனோம். நான் முன்சீட்டில், மகாராணி மாதிரி.

டவுன் முனையிலேயே மறித்தார்கள். பொலிஸ்காரர் லொறியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நம்பர் எங்க?"

"சந்தனத்துக்கு அடியில பத்திரமா இருக்குங்க மாத்தயா" என்றார் என் வீட்டுக்காரர், கைகட்டி.

பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. பிளேட்டைக் கழுவச் சொன்னார். என் போத்தலில் இருந்த, பால் போடாத பிளேன்டீயை ஊற்றித்தான் கழுவினோம். தண்டச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு லைசன்ஸை எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்து முறை அதுதான். தபால் கந்தோரில், அதாவது தபால் ஆபீசில், பணம் கட்ட வேண்டும், அந்த ரசீதுத் துண்டைப் பொலிசில் காட்டித்தான் லைசன்ஸை மீட்க வேண்டும். அதுவரை தண்டச் சீட்டையே லைசன்ஸாக வைத்துக்கொண்டு ஓட்டலாம். சட்டத்துக்கு அது போதும். துரைக்குப் போதுமா?

கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுகிற எங்கள் கணக்கப்பிள்ளைக்கு ஒரு மச்சான் இருந்தான். அவனிடமும் லைசன்ஸ் இருந்தது, ஓட்ட லொறிதான் இல்லை. மிச்சத்தை நான் சொல்லவா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமையே பங்களாவுக்குச் செய்தி போய்விட்டது. திங்கள் காலை பெரட்டில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரிக்கும்போது துரை கேட்டார்.

"டிரைவர், ஒங்க லைசன்ஸ் பொலிஸ்ல இருக்குன்னு சொல்றாங்களே?"

"இல்லீங்க தொரை. வீட்டுல இருக்குங்க."

"சரி. பகல் கொழுந்து நிறுக்கிற நேரம் காட்டுங்க. இல்லாட்டி நாளைக்கு மருந்து டேங்க்கைத் தூக்குங்க."

இவர் லொறியை விட்டு அசைய முடியாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையில் நின்ற என்னைப் பார்த்தார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ பல்லு! உசுரு போகுதே!"

பல் பிடுங்க அரை நாள் லீவு கிடைத்தது. தண்டச் சீட்டை மடியில் செருகிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

தபால் கந்தோரில் எனக்கு முன்னால் பென்சன் எடுக்க வந்தவர்கள் வரிசை. ஒரு தாத்தா கையெழுத்துப் போடுவதற்குள் நான் அந்தப் பேனாவைப் பிடுங்கி அவர் பெயரை எழுதிவிடலாமா என்று பார்த்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது, அதுதான் தடை. பணத்தைக் கட்டி, துண்டை வாங்கி, பொலிசுக்கு ஓடினேன்.

சார்ஜன் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே லைசன்ஸுகள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக. இந்தப் பக்கத்து ஆம்பிளைகள் முழுப்பேரும் அதற்குள் மூச்சு முட்டிக் கிடப்பது போல இருந்தது. படங்களைப் புரட்டி என் வீட்டுக்காரர் முகத்தைக் கண்டுபிடித்தார். என்னைப் பார்த்தார். இழுப்பறையை மூடிவிட்டார்.

"ஆள் வரணும்" என்றார் சிங்களத்தில். "நீ அவன் பெண்சாதின்னு நான் எப்படி நம்புறது?"

வெளியே தோட்டத்துப் பக்கம் போகும் பஸ் ஹோன் அடிக்கிறது. அதை விட்டால் பகலுக்குள் போய்ச் சேர முடியாது. எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தையும் கூட்டிப் பெருக்கி எடுத்தேன்.

"மாத்தயா, அந்த மூஞ்சியை நல்லாப் பாருங்க. அதுக்குத் தண்டம் கட்ட, கட்டினவளைத் தவிர வேற எவ வருவா?"

அவர் லைசன்ஸை மறுபடி எடுத்து உற்றுப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரிடமும் காட்டினார். இருவரும் சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். என் புருஷனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அப்போது கோபம் வரவில்லை. இப்போது கொஞ்சம் வருகிறது.

ரோட்டு வளைகிற முடக்கில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது துரையின் ஜீப் என்னைத் தாண்டி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் ஏறியது. டவுனிலிருந்து வந்த கையோடு நான் நேராகப் போய் லைசன்ஸை நீட்டினால் 'வீட்டில் இருக்கிறது' என்ற பேச்சு என்னாவது? குறுக்கே தேயிலை மலைக்குள் விழுந்து ஓடினேன். பக்கத்துக் காம்பரா ராசாத்தி கொழுந்துச் சாக்கோடு வந்துகொண்டிருந்தாள்.

"குடு ராசாத்தி, நான் சுமக்குறேன்."

"பல்லு புடுங்கினவளுக்கு என்னாத்துக்கடி இந்தக் கருமம்?"

"பல்லாலயா சுமக்கப் போறேன்? குடுடி!"

சாக்கைக் கொடுத்துவிட்டு அவள் ஓடையில் கால் கழுவக் குனிந்த நேரம் லைசன்ஸைக் கொழுந்துக்குள் செருகினேன். சாக்கு எப்படியும் லொறிக்குத்தானே போகும். ஒரு வாய் வெற்றிலையும் போட்டு அதக்கிக்கொண்டேன்.

மடுவத்தில் துரை நிற்கிறார். லொறிப் படியில் என் வீட்டுக்காரர், முகம் சாம்பலாக. தராசுப் பக்கம் கணக்கப்பிள்ளை. முற்றல் இலை இருக்கிறதா என்று சாக்குச் சாக்காகக் கைவிட்டுத் துழாவுகிறார். எங்கள் சாக்கு வந்தது. அவர் கை உள்ளே போனது. மணிக்கட்டுவரை போனது. முழங்கைக்குப் போகிறது.

"ஆ...வ்!" என்று அலறி, வெற்றிலைச் சாற்றை அவர் காலடியில் கொட்டினேன்.

"ஐயோ ரத்தம்!" என்று எட்டிக் குதித்தார் மனுஷன். மீசையும் கையுமாக அவ்வளவு உயரம் குதிப்பார் என்று யாருக்குமே தெரியாது.

என் வீட்டுக்காரர் சாக்கைத் தூக்க வந்தார். கன்னத்தைப் பிடித்தபடியே முனகினேன். "கொழுந்துக்குள்ள இருக்கு."

சாக்கோடு லொறிக்குள் போனவர், வீட்டிலிருந்து கொண்டுவந்து சீட்டுக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்தது போல லைசன்ஸோடு இறங்கி வந்தார். துரை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் ஈரத்தோடு ஒரு கொழுந்து ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்தார். கொழுந்தைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு வாயில் வெற்றிலை, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"பல்லு சரியாப் போச்சா?"

தலையை ஆட்டினேன்.

"நல்ல கொழுந்து" என்று அதைச் சாக்கில் போட்டார். "டிரைவர், நேரமாகுது. லொறிய எடுங்க."

மருந்து டேங்க் அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் முதுகில் ஏறவே இல்லை. கடைசிவரை லொறிதான். இப்போது அவர் இல்லை, அந்த லொறி இல்லை, ரப்பர் வளையம் போட்ட முகங்கள் கிடந்த இழுப்பறையும் காலியாகிக்கொண்டு வருகிறதாம். லைசன்ஸை வாங்கிய கையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நல்லதுதான், யாரும் ஓட வேண்டியதில்லை. ஆனால் பேரன் பெண்சாதிக்கு, புருஷனின் மூஞ்சியைப் பழித்தே அவனை மீட்டு வருகிற பாக்கியம் கிடைக்கப் போவதில்லை.

அன்று சாயங்காலம் லயத்துப் பெண்கள் முழுப்பேரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ராசாத்திதான் முதலில் பிடித்தாள்.

"எங்கடி, வாயத் தொற. எந்தப் பல்லு?"

வாயைத் திறந்து காட்டினேன். அவள் விளக்கு வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தாள்.

"அடியே, எல்லாப் பல்லும் அப்படியே இருக்கே!"

"ஆமா" என்றேன். "புடுங்கின எடத்துலயே பஸ்ஸுல வரும்போது முளைச்சிருச்சு. டவுன் டாக்டர் கைராசி அப்படி. நீயும் ஒண்ணு போய்ப் புடுங்கிட்டு வா."

அடுத்த வாரம் கணக்கப்பிள்ளையின் பெண்சாதி வந்து, அந்த டாக்டரின் பெயரைக் கேட்டாள்.