மாலை ஆறு மணிக் குரல்செய்தி

சட்டமன்ற உறுப்பினர் வேலையில் பேசுவதற்கு நேரத்தை அளந்து கொடுத்துவிடுவார்கள். கேட்பதற்கு ஆளை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒன்றைப் போட்டுவிட்டு, யாராவது பதில் சொல்கிறார்களா என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் என் கட்சிதான்.

திண்டுக்கல்லில் இருபத்தெட்டு வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான். முதல் தடவையாக ஜெயித்து, எதிர்க்கட்சி வரிசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சித்தையன்கோட்டைப் பக்கம் ஓடைக்கரை என்றொரு சிற்றூர். மழைக்காலத்தில் அங்கே தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனால், பறித்த மல்லிகை அந்தக் கரையிலேயே வாடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஓட்டுக் கேட்கப் போனபோது, பாலம் கட்டித் தருவேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சபையில் கேட்பேன். என்ன ஆச்சு என்று அன்றன்றைக்கே உங்களுக்குச் சொல்வேன்" என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும்.

கட்டைவிரல்

கூட்டத்தொடர் தொடங்கிய அன்று மாலை ஆறு மணிக்கு, சென்னை எம்.எல்.ஏ. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நிமிடக் குரல்செய்தி ஒன்று பதிவு செய்தேன். நாலு தடவை அழித்து அழித்துப் பேசினேன். தொகுதி வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிய நாலாவது விநாடியே கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு ஒரே பூரிப்பு. அப்புறம்தான் உறைத்தது, மூன்று நிமிடத்தை நாலு விநாடியில் எப்படிக் கேட்டு முடித்தார்கள்? யார் யார் கேட்டார்கள் என்று தோண்டிப் பார்த்தால், ஓடைக்கரையிலிருந்து ஒரே ஒரு எண். அதிலும் பெயருக்குப் பதில் 'ஓடைக்கரை' என்று மட்டும் இருந்தது, யாருடையது என்று தெரியவில்லை.

திண்டுக்கல்லில் என் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியத்துக்குப் போன் போட்டுக் குறைப்பட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "டீச்சர், கட்டவெரலு கேட்டதுக்கு இல்ல. வந்து சேந்துருச்சுங்கிறதுக்கு."

பக்கத்து அறை

என் வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. திண்டுக்கல் நாகல் நகர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கேயாவது காய்கறிக்காரர் குரல் கேட்கும். விடுதியில் மின்விசிறிச் சத்தம்தான். சபை முடிந்து வந்தால் நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் ஆறு மணிக்குப் போனுக்குள் போகும். "என்ன, கேட்கிறதா?" என்று வகுப்பில் கேட்கிற பழக்கம் போகவில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் இடமும் விடுவேன்.

ஒருநாள் பக்கத்து அறை உறுப்பினர் கதவைத் தட்டினார். பழனிப் பக்கத்துக்காரர், ஆளுங்கட்சி. கையில் ஒரு பை ஆயக்குடிக் கொய்யா. உள்ளே எட்டிப் பார்த்தார், கட்டில் பக்கம் பார்த்தார், நாற்காலிப் பக்கம் பார்த்தார். பிறகு பையை என் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க டீச்சர், நெதமும் ஆறு மணிக்கு ஆருகூடயோ பேசறீங்க, அவிய ஒரு வார்த்தைகூடத் திருப்பிப் பேசக் காணோமுங்களே!"

நூறு ரூபாய்

சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு துறையைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமானால், அந்தத் துறைக்குக் கேட்கிற தொகையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சிக்காரர்கள் எழுதிக் கொடுப்போம். வெட்டுத் தீர்மானம் என்று பெயர். பணம் ஒன்றும் குறையாது. குறையைப் பதிவு செய்ய அது ஒரு வழி, அவ்வளவுதான். ஓடைக்கரைப் பாலத்துக்காக நானும் ஒன்று கொடுத்தேன். அச்சில் என் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் அந்தத் தாளைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். விளக்கம் எழுத மறந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடம் விளக்கம் சொல்லியே சம்பளம் வாங்கியவள்!

குரலுக்கு அசையாத ஊர் படத்துக்கு அசைந்துவிட்டது. மறுநாள் காலையில் ஓடைக்கரைப் பெண்கள் பத்துப் பேர் திண்டுக்கல் அலுவலகத்துக்கு வந்துவிட்டதாக ஆரோக்கியம் போனில் மூச்சுவாங்கினார். உண்மையைச் சொன்னால், திட்டுவதற்காவது என்னைத் தேடினார்களே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. போனை வாங்கியவர் பாண்டியம்மாள், ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போட்டிருப்பவர். நான் வாயைத் திறக்குமுன் அவர் முடித்துவிட்டார்: "ஏன் டீச்சரம்மா, அந்த நூறு ரூவாய நாங்க தாரோம், பாலத்துல கொறைக்கச் சொல்லாதீங்க!"

மகளின் யோசனை

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூப்பிட்டவளிடம், குரல்செய்தி எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன். "முப்பது செகண்ட்ல முடிங்க மம்மி. நானே ஒண்ணுகூட முழுசா கேட்டதில்ல."

அன்றைக்கு மட்டும்

பாலம் பற்றிய என் கேள்வி ஒருவழியாகச் சபைக்கு வந்தது. இந்த ஆண்டு எடுத்துக்கொள்ள இயலாது, நிதிநிலைக்கேற்பப் பின்னர் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. துணைக் கேள்வி கேட்டேன். அதே பதில் வேறு வரிசையில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

மாலை ஆறு மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். எப்படியும் யாரும் கேட்கப்போவதில்லை, ஒருநாள் விட்டால் என்ன என்று கீழே வைத்துவிட்டேன். தோற்றதைவிட, தோற்றதைச் சொல்ல ஆளில்லாததுதான் அதிகமாக வலித்தது. ஆறு இருபதுக்குப் போன் அடித்தது. ஓடைக்கரையின் அந்த ஒரே எண்.

எடுத்தால் பாண்டியம்மாள் குரல். பின்னால் ஒரே இரைச்சல், பால் கேன்கள் உருளுகிற சத்தம். அது ஓடைக்கரைப் பால் சொசைட்டி எழுத்தரின் போனாம். சாயங்காலம் பால் ஊற்ற ஊரே அங்கே வருமாம். அவர் போனை ஒலிபெருக்கியில் மாட்டி, என் செய்தியைத் தினமும் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவாராம். "இன்னக்கி என்ன, சத்தத்தையே காணோம்? பால ஊத்திட்டு அம்புட்டுப் பேரும் செத்த நேரமா நிக்கிறோம்" என்றார்.

"இந்த வருசம் பாலம் இல்லைம்மா. இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றேன். அதை அவர் திரும்பி ஊருக்குச் சொல்வது கேட்டது. திட்டு வரும் என்று காத்திருந்தேன். பாண்டியம்மாள் சொன்னார்: "இல்லைங்கிறதக்கூட இம்புட்டு வருசத்துல எங்ககிட்ட யாரும் சொன்னதில்ல டீச்சரம்மா. நாளைக்கு ஆறு மணிக்கு மறக்காம வந்துருங்க."

பாலம் இன்னும் கேள்வியாகவேதான் இருக்கிறது. நானும் அதே அறையில் தனியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், கேன் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று இப்போது கொஞ்சம் உரக்க.